பாடப் பதிவு: ஒரு படிவத்தின் வரலாறு

விழா மலர் என்றால் கட்டடங்களின் வரலாறு இருக்கும். முதல்வர்களின் படங்கள் ஆண்டு வரிசையில் இருக்கும். பல்கலைக்கழகத் தரவரிசை பெற்றவர்கள், விளையாட்டுக் கோப்பைகள், நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள் எல்லாம் இருக்கும். இவை இருக்கவேண்டியவைதாம். மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, இவற்றில் எதிலும் சேராத ஒன்றைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நம் மாணவர்கள் நிரப்பிக் கொடுக்கிற பாடப் பதிவுப் படிவம் அது. ஜூனில் ஒரு வாரமும் டிசம்பரில் ஒரு வாரமும் கல்லூரியையே பரபரப்பாக்கிவிட்டு, பிறகு கட்டுக்கட்டாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் பீரோவுக்குள் போய்விடும் தாள். ஒரு கல்லூரி தன் மாணவரை எந்த அளவுக்கு நம்புகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் அந்தத் தாளைத்தான் முதலில் வாங்கிப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். அதில் மாணவர் தாமே எழுதுவதற்கு எத்தனை கட்டங்கள் காலியாக விடப்பட்டிருக்கின்றன, எத்தனை முன்கூட்டியே அச்சடிக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணினாலே போதும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அன்றைக்கு அது பாடம் நடத்தவில்லை. பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது ஆகியவையே அதன் வேலை. கல்லூரிகள் அந்தத் தேர்வுக்கு மாணவரைத் தயார் செய்தன. அதன் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் காலந்தொட்டு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, என்ன படிப்பது என்ற கேள்வி மாணவருக்கு ஒரே ஒரு முறைதான் வந்தது. சேர்க்கை விண்ணப்பத்தில் அவர் எந்தப் பிரிவுக்கு நேராகக் குறியிட்டாரோ அதோடு எல்லாம் முடிந்தது. பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு நாள்களில் ‘எந்தக் குரூப்?’ என்று உறவினர் கேட்பார்கள். அதற்குச் சொல்லும் பதிலிலேயே அடுத்த நாலு வருடப் பாடங்களும் அடங்கியிருந்தன.

பட்ட வகுப்பில் பகுதி ஒன்று மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம். முதன்மைப் பாடத்தோடு ஒட்டிவரும் சார்புப் பாடங்களை, அதாவது நாம் ‘அலைட்’ என்று சொல்பவற்றை, துறைதான் முடிவு செய்யும். கணிதம் படிப்பவருக்கு இயற்பியல், வேதியியல் படிப்பவருக்குக் கணிதமோ விலங்கியலோ, பொருளியல் படிப்பவருக்கு வரலாறோ புள்ளியியலோ. அந்த ஊரில் எந்தத் துறையில் ஆசிரியர் இருக்கிறார், எந்த ஆய்வுக்கூடத்தில் இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது அமைந்தது. மாணவருக்கு இருந்த ஒரே உண்மையான தேர்வு பகுதி ஒன்றின் மொழி. தமிழா, இந்தியா, சமஸ்கிருதமா, பிரெஞ்சா? அதையும் பலர் மதிப்பெண் கணக்குப் பார்த்தே முடிவு செய்தார்கள். பிரெஞ்சிலும் சமஸ்கிருதத்திலும் மார்க் கொட்டும் என்ற பேச்சு வகுப்புக்கு வகுப்பு பரவியிருந்தது. கிடைத்த ஒரே சுதந்திரம் மார்க்குக்காகச் செலவானதைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழாசிரியர்களுக்கு அது ஆறாத வருத்தம்.

வேறு வழி இருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. 1869-ல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், நாற்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாகக் குறைத்து, மாணவர் தாமே பாடம் தேர்ந்துகொள்ளும் முறையை வேரூன்றச் செய்தார். அமெரிக்காவின் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களின் வழியை ஒட்டி 1960-ல் பந்த்நகரில் நம் நாட்டின் முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது, பாடத்தை மணிக்கணக்கில் அளந்து, பருவந்தோறும் பதிவு செய்யும் வழக்கமும் கூடவே வந்தது. தமிழ்நாட்டில் 1971-ல் கோவை வேளாண்மைக் கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாடத்தின் பெயரோடு ‘2+1’ என்று சேர்த்தே சொல்வார்கள். வாரத்துக்கு இரண்டு மணி வகுப்பறை, ஒரு கிரெடிட் (பாடத்தின் எடையை அளக்கும் அலகு) அளவு செய்முறை என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர் உண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் பதிவு அட்டை நகராது. கலை, அறிவியல் கல்லூரிகளில் இருந்த நமக்கு அந்த நாள்களில் இதெல்லாம் வேறு நாட்டுச் சங்கதி போலத் தோன்றியது. ஒரே மாநிலத்துக்குள் இரண்டு உயர்கல்வி மரபுகள், ஒன்றையொன்று அறியாமல், பல ஆண்டுகள் இயங்கி வந்திருக்கின்றன.

நம் பக்கத்துக் கதவைத் திறந்தது தன்னாட்சி. 1966-ல் அறிக்கை தந்த கோத்தாரி கல்விக்குழு, தரமான கல்லூரிகளைப் பல்கலைக்கழகத் தேர்வின் பிடியிலிருந்து விடுவித்து, தாமே பாடம் வகுக்கவும் தாமே மதிப்பிடவும் உரிமை கொடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் கிடந்தது. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து திரும்பிய மால்கம் ஆதிசேசய்யா சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வந்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. 1978-ல் சென்னை லயோலா, சென்னைக் கிறித்துவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றன. இந்தியாவிலேயே முதலில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் இவைதாம். இன்றைக்கும் நாட்டில் அதிகமான தன்னாட்சிக் கல்லூரிகள் இருப்பது தமிழ்நாட்டில்தான். நமக்கு அந்த உரிமை பின்னால் கிடைத்தது. ஆனாலும் நம் பாடத்திட்டக் குழுக்கள் முதலில் கூடியபோது மேசைமேல் இருந்தவை, முன்னே போன அந்தக் கல்லூரிகளிலிருந்து கேட்டு வாங்கி வந்த கையேடுகள்தாம். அந்தக் கடனை இந்த மலரில் நன்றியோடு பதிவு செய்யவேண்டும்.

தன்னாட்சி வந்ததும் படிவம் தானாக மாறிவிடவில்லை. வினாத்தாள் நம்முடையதாயிற்று, அகமதிப்பீடு வந்தது, பருவமுறை வந்தது. மாணவருக்கு வாய்த்த தேர்வு அப்போதும் குறைவுதான். பெரிய மாற்றம் 2008–09 கல்வியாண்டில், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் வழிகாட்டுதலில், விருப்பப்பாட கிரெடிட் முறை மாநிலம் முழுவதும் வந்தபோது நடந்தது. சி.பி.சி.எஸ். என்ற நாலெழுத்து அந்த ஆண்டு ஆசிரியர் அறைகளில் ஒலித்த மாதிரி வேறெதுவும் ஒலித்ததில்லை. வாரத்துக்கு முப்பது மணி வகுப்பு. மூன்றாண்டுக்கு 140 கிரெடிட். மூன்று பகுதிகளாக இருந்த பட்டப் படிப்பு ஐந்து பகுதிகளாயிற்று. நான்காம் பகுதியில் திறன்சார் பாடம், பிறதுறை விருப்பப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி. ஐந்தாம் பகுதியில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணிகள். சுற்றுச்சூழல் கல்வி மட்டும் உச்ச நீதிமன்றத்தின் வழியே வந்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் பிறந்த ஆணையும், அதை நிறைவேற்றச் சொல்லி 2003-ல் மீண்டும் வந்த ஆணையும் அதை எல்லாப் பட்டப் படிப்பிலும் கட்டாயமாக்கின.

இந்த நான்காம் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நம் கல்லூரியின் வரலாற்றில் மாணவர் முதல்முறையாகத் தம் துறையின் வாசலைத் தாண்டி வேறொரு துறையின் வகுப்பில் உட்கார்ந்தது இதனால்தான்.

விதி மூன்று வகையாகப் பிரிந்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழே படிக்காமல் வந்து, பகுதி ஒன்றிலும் வேறு மொழி எடுத்தவர் அடிப்படைத் தமிழ் இரண்டு தாள் படிக்கவேண்டும். அதன் தரம் ஆறாம் வகுப்பு அளவு. பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழிக்குப் போனவர் சிறப்புத் தமிழ் படிக்கவேண்டும். மற்றவர்கள் எல்லாரும் தம் துறை அல்லாத வேறொரு துறை தரும் விருப்பப் பாடத்தை எடுக்கவேண்டும். மாணவர்கள் அதை, ‘நான் மேஜர் எலெக்டிவ்’ என்பதைச் சுருக்கி, என்.எம்.இ. என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

என்.எம்.இ. பதிவு நாளுக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு துறையும் நோட்டீஸ் போர்டில் தன் பாடத்தை அறிவிக்கும். தாவரவியல் காளான் வளர்ப்பு தந்தது. விலங்கியல் அலங்கார மீன் வளர்ப்பு தந்தது. இயற்பியல் துறை வீட்டு மின்சாதனங்களின் பராமரிப்பையும், வணிகவியல் அடிப்படைக் கணக்குப் பதிவையும், வரலாற்றுத் துறை சுற்றுலாவியலையும், தமிழ்த் துறை இதழியலையும், கணிதத் துறை போட்டித் தேர்வுக்கான எண்கணிதத்தையும் முன்வைத்தன. பதிவு நாளில் காலையிலேயே கலையரங்க வாசலில் வரிசை கட்டிவிடும். துறைக்கொரு மேசை, மேசைக்கொரு பேரேடு. முதலில் வந்தவருக்கு முதலில் இடம். வகுப்பறை கொள்ளும் அளவுக்குப் பெயர் சேர்ந்ததும் பேரேட்டை மூடிவிடுவார்கள். மூடிய மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு ஓடும் பிள்ளைகளின் பதற்றமும், கேட்ட பாடம் கிடைத்தவர்களின் மகிழ்ச்சியும் சேர்ந்து அரங்கம் திருவிழாக் கூட்டமாகிவிடும்.

இந்த ஒரு நாளை நடத்துவதற்குப் பின்னால் இருந்த உழைப்பு வெளியில் தெரியாது. எல்லாத் துறை மாணவரும் கலந்து உட்காரவேண்டுமென்றால், அந்த மணி எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் வரவேண்டும். ஆறு நாள் டே ஆர்டரில் எங்கே அந்தப் பொது மணியை வைப்பது என்பதில்தான் கால அட்டவணைக் குழு ராத்திரி பகலாக மல்லாடியது. அறிவியல் துறைகளின் ஆய்வுக்கூட மணிகள் மதியத்தை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். மொழி வகுப்புகள் காலையைப் பிடித்துக்கொள்ளும். முதலாண்டு மாணவர் அத்தனை பேரும் ஒரே மணியில் இடம் மாறும்போது வகுப்பறை போதாது. நூலக வாசிப்புக் கூடமும், செமினார் ஹாலும், சில சமயம் மரத்தடியும் வகுப்பாயின. ஒரு துறையில் ஆள் சேராவிட்டால் அந்தப் பாடத்தைக் கைவிட்டு, சேர்ந்த சிலரை வேறு துறைக்கு அனுப்பவேண்டும். அது அந்தத் துறைத் தலைவருக்கு வலிக்கும். அட்டெண்டர் சர்க்குலர் நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகச் சென்று ‘என்.எம்.இ. லிஸ்ட் மாறியிருக்கு சார்’ என்று சொல்லாத ஆண்டே கிடையாது. வகுப்புப் பொறுப்பாசிரியர்கள், அலுவலகத் தட்டச்சர்கள், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தினர் ஆகிய எல்லாரும் சேர்ந்து, ஒவ்வொரு மாணவரின் பெயரும் சரியான பாடக் குறியீட்டோடு ஹால் டிக்கெட்டில் வரும்வரை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு குறியீடு மாறினால் தேர்வன்று மாணவர் கையில் வேறு வினாத்தாள் இருக்கும். அந்தப் பொறுப்பை ஓசையில்லாமல் சுமந்தவர்கள் அவர்கள். அவர்களின் படம் எந்த மலரிலும் வருவதில்லை. இந்த மலரில் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும் என்று மலர்க்குழுவைக் கேட்டிருக்கிறேன்.

பலன் என்ன என்று கேட்டால், காளான் வளர்ப்புப் படித்த வணிகவியல் மாணவர்கள் படுக்கை போட்டு வீட்டில் வளர்த்ததைச் சொல்லலாம். இதழியல் வகுப்பில் வேதியியல் பிள்ளைகள் செய்தி எழுதக் கற்றதைச் சொல்லலாம். என் மனத்தில் இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது அடிப்படைத் தமிழ் வகுப்புதான். வீட்டில் மலையாளமோ தெலுங்கோ மார்வாடியோ பேசி, வேறு மொழிவழிப் பள்ளிகளில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள். தமிழில் சரளமாகப் பேசுவார்கள், கடையில் பேரம் பேசுவார்கள், சினிமா வசனம் ஒப்பிப்பார்கள். ஆனால் பஸ் பலகையைப் படிக்க முடியாது. பதினெட்டு வயதில் அகரம் எழுதப் பழகுவதில் முதலில் ஒரு கூச்சம் இருக்கும். இரண்டாம் பருவம் முடிவதற்குள் தங்கள் பெயரையும் தெருவின் பெயரையும் எழுதி, செய்தித்தாளின் தலைப்பை வாய்விட்டுப் படிப்பார்கள். தாம் பிறந்து வளர்ந்த ஊரைப் படிக்கும் திறமை அவர்களுக்கு வந்தது. இரண்டு தாள், சில கிரெடிட், அவ்வளவுதான் விதியில் இருக்கிறது. தமிழ்த் துறை அதைத் தண்டனைப் பணியாக நினைக்காமல் மூத்த ஆசிரியர்களையே அனுப்பியது என்பது நம் கல்லூரி பெருமைப்படவேண்டிய செய்தி.

இனி மனம் கனக்கும் பகுதிக்கு வருகிறேன். முதன்மைப் பாடத்திலேயே விருப்பப் பாடங்கள் என்று சில இடங்கள் உண்டு. ஐந்தாம், ஆறாம் பருவங்களில் மாணவர் இரண்டு மூன்று தலைப்புகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது விதி. பாடத்திட்டப் புத்தகத்தில் தலைப்புகள் அச்சாகியிருக்கும். பல கல்லூரிகளில் நடப்பது வேறு. துறை ஒன்றை முடிவு செய்து, முழு வகுப்புக்கும் அதையே கொடுத்துவிடுகிறது. படிவம் வரும்போதே பாடத்தின் பெயர் நிரப்பப்பட்டிருக்கும். மாணவர் கையெழுத்து மட்டும் போடவேண்டும். இதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்பதை நான் அறிவேன். ஒரு வகுப்பை இரண்டாகப் பிரித்தால் இரண்டு ஆசிரியர் வேண்டும், இரண்டு அறை வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு நாள் ஓட்டும் துறையிடம் அவை இரண்டும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆசிரியரின் பணியிடம் அவர் துறைக்குக் கிடைக்கும் பாட மணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மாணவர் ஒரு பாடத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால் ஒரு துறை மணிகளை இழக்கும். ஆகவே தேர்வைத் திறந்துவிடத் துறைகள் அஞ்சுகின்றன. அந்த அச்சம் நியாயமானது. ஆனாலும் அதன் விலையை மாணவர் கொடுக்கிறார். பாடம் தேர்ந்தெடுக்கத் தெரியாத பிள்ளைகள் என்று நாம் அவர்களைச் சொல்வதற்கு, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை நாம் கொடுக்காததே காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மற்ற இடங்களில் இந்தப் பூட்டு திறந்திருக்கிறது. வேலூர் வி.ஐ.டி.யில் பாடத்தோடு வகுப்பு நேரத்தையும் ஆசிரியரையும்கூட மாணவரே கணினியில் தேர்ந்துகொள்கிறார். 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பில் ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று பருவம். ஒவ்வொரு பருவமும் மாணவர் தம்மால் முடிந்த அளவுக்குப் பாடம் பதிவு செய்து, பதிவு செய்த பாடத்துக்கு மட்டும் கட்டணம் கட்டுகிறார். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் ஒரு பருவத்தில் ஒரு பாடம் எடுத்தாலும் தடையில்லை.

நம் பிள்ளைகளுக்கும் வெளியிலிருந்து சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2017-ல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் படித்த பாடத்தின் கிரெடிட்டைக் கல்லூரிப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு அப்படிச் சேர்த்துக்கொள்ளும் வரம்பை ஒரு பருவத்தில் 40 விழுக்காடுவரை உயர்த்தியது. அதே ஆண்டு, மாணவர் ஈட்டிய கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கிக்கான விதிகளும் வந்தன. 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் பாடங்களும் பருவப் பதிவில் சேர்ந்துகொண்டன. பேரேடு போய், எக்செல் வந்து, கூகுள் படிவம் வந்து, இன்று பாடம் தேர்வது போர்ட்டலில் நடக்கிறது. கலையரங்க வாசலில் வரிசை இல்லை. அதற்குப் பதிலாகக் கணினி ஆய்வகத்தில் வரிசை நிற்கிறது, ஏனென்றால் கைப்பேசியில் ஓ.டி.பி. வரவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை பெயர். ஆதாரில் தந்தை பெயர் விரிவாக இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து முன்னால் இருக்கும், கல்லூரிப் பதிவேட்டில் பின்னால் இருக்கும். தலைப்பெழுத்து வழக்கத்தை அறியாமல் செய்யப்பட்ட மென்பொருள், மூன்றும் மூன்று ஆள் என்று நினைத்துக்கொள்கிறது. பதிவு வாரத்தில் நம் அலுவலகத்துத் தம்பிகள் செய்கிற வேலையில் பெரும்பகுதி, ஒரே பிள்ளையின் மூன்று பெயர்களை ஒன்றாக்குவதுதான். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக வரும் மாணவிக்கு வீட்டில் இதைச் சொல்லித்தர ஆளில்லை. கைப்பேசி அண்ணனிடம் இருக்கும். கடைசி நாளுக்குள் பதிவு முடியாவிட்டால் மீதமிருக்கும் பாடம்தான் அவளுக்கு. வரிசையில் நின்றபோதாவது மேசைக்குப் பின்னால் ஒரு ஆசிரியர் இருந்தார். ‘இதை எடும்மா, உனக்கு நல்லா வரும்’ என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. போர்ட்டல் வேகமானது, பிழை குறைவானது. அதன் அருகில் ஒரு ஆளையும் உட்காரவைக்க வேண்டியது நம் கடமை.

துறைத் தலைவர்களிடமும் கல்விக்குழு உறுப்பினர்களிடமும் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். பாடத்திட்டத்தில் அச்சான விருப்பப் பாடங்களில் குறைந்தது இரண்டையாவது ஒவ்வொரு ஆண்டும் உண்மையாகவே நடத்துங்கள். ஆள் போதவில்லை என்றால் பக்கத்துத் துறையோடு சேர்ந்து நடத்துங்கள். பதிவுக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொரு பொறுப்பாசிரியரும் ஒவ்வொரு மாணவரோடும் தனியே உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குங்கள். அதைப் பணி மணியாகவே கணக்கில் சேருங்கள். என்.எம்.இ.க்கும் அடிப்படைத் தமிழுக்கும் புதிதாகச் சேர்ந்தவரை அனுப்பாமல் உங்கள் துறையின் சிறந்த ஆசிரியரை அனுப்புங்கள். முன்னாள் மாணவர்கள் பதிவு வாரத்தில் கணினி ஆய்வகத்துக்கு வந்து, முதலாண்டுப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பத் துணை நின்றால் அது எந்த நன்கொடையையும்விடப் பெரிது. இவை எதற்கும் புதுக் கட்டடம் தேவையில்லை. அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் வரும் ஜூன் பதிவிலேயே தொடங்கிவிடலாம்.